ஆறு மாத விரதம்

க்ஷயரோகத்திற்கு நம் முன்னோர்கள் ‘ராஜ ரோகம்’ என்று பெயர் வைத்தார்கள். சமஸ்தானத்து ராஜாக்கள் எல்லாரும் சிம்மாசனத்தை விட்டு இறங்கி எத்தனையோ வருஷங்கள் ஆகிவிட்டன. இந்த ஒரு ராஜா மட்டும் இன்னும் நம் தேசத்தில் கொலு வீற்றிருக்கிறார். உலகத்துக் காசநோயாளிகளை எண்ணிப் பார்த்தால், ஏறக்குறைய நாலு பேரில் ஒருவர் இந்தியராக இருக்கிறார். இந்த ராஜாவை வெல்லும் ஆயுதம் நம்மிடம் இருக்கிறது. அது இலவசமாகவும் கிடைக்கிறது. அப்படியிருந்தும் ராஜ்யம் நிலைத்திருப்பதற்குக் காரணம் என்ன?

முதற் காரணம் நம்முடைய மௌனம். வீட்டில் ஒருவருக்கு நீரிழிவு என்றால், கல்யாணப் பந்தியில் பாயசம் பரிமாற வரும்போதே அதை ஊரறியச் சொல்லிவிடுகிறோம். இரத்தக் கொதிப்பைப் பற்றியோ, சற்றுப் பெருமையுடனேயே பேசிக் கொள்கிறோம். காசநோய் என்றால் மட்டும் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு இரகசியம் பேசுகிறோம். நோயாளி கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மருந்துச் சீட்டுக்கூட அடுப்பில் போய்ச் சேர்ந்துவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த நோயின் கிருமிக்கு மிகவும் பிடித்தமானது சாத்திய ஜன்னல்தான்!

கிருமி வரும் வழி

1882ஆம் வருஷம் மார்ச் மாதம் 24ஆம் தேதி, பெர்லின் நகரத்தில் ராபர்ட் காக் என்னும் டாக்டர் இந்தக் கிருமியைத் தாம் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார். அதுவரையில், இது குடும்ப வழியாக வரும் ரோகம் என்றே பலர் நினைத்திருந்தார்கள். நோய் கண்டவர் இருமும்போதும் தும்மும்போதும் கிருமிகள் காற்றில் கலக்கின்றன. காற்றோட்டமில்லாத அறையில் அவை வெகு நேரம் மிதந்துகொண்டிருக்கின்றன. அந்தக் காற்றைச் சுவாசிப்பவரின் நுரையீரலில் போய்த் தங்குகின்றன. நோயாளியின் தட்டையும் டம்ளரையும் தனியே ஒதுக்கி வைப்பதால் அவர் மனம் புண்படுமே தவிர, கிருமிக்கு யாதொரு நஷ்டமும் கிடையாது. ஜன்னலைத் திறந்து வைப்பதும், இருமும்போது வாயைத் துணியால் மூடிக் கொள்வதுமே உண்மையான பாதுகாப்பு.

கிருமி உள்ளே புகுந்த எல்லாருக்கும் நோய் வந்துவிடுவதில்லை. நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது அது நோயாக மாறும். மற்றவர்களுடைய தேக சக்தி அதை அடக்கி வைத்துவிடுகிறது. அந்தச் சக்தி குறைந்த இடத்தில் கிருமி தலையெடுக்கிறது. போதிய ஆகாரம் இல்லாதவர்கள், நீரிழிவு உள்ளவர்கள், எச்.ஐ.வி. கிருமி உள்ளவர்கள், புகை பிடிப்பவர்கள், சின்னஞ்சிறு குழந்தைகள் ஆகியோருக்கு அபாயம் அதிகம்.

இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், மாலையில் எட்டிப் பார்க்கும் காய்ச்சல், இரவில் வியர்த்துக் கொட்டுதல், பசியின்மை, காரணமின்றி உடம்பு இளைத்தல், கோழையில் இரத்தம் - இவற்றில் ஏதேனும் தென்பட்டால் கஷாயத்திலும் இருமல் மருந்திலும் நாளைப் போக்கலாகாது. நுரையீரலை விட்டுக் கழுத்துக் கழலையிலும், முதுகெலும்பிலும், மூளையைச் சுற்றிய சவ்விலும்கூட இந்நோய் இறங்குவதுண்டு.

தாம்பரமும் சேத்துப்பட்டும்

மருந்து இல்லாத அந்தக் காலத்தில், கோழையில் கிருமி காணும் நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஐந்து வருஷத்துக்குள் இறந்து போவார்கள். நல்ல காற்று, பால், முட்டை, ஓய்வு - வைத்தியர்களால் கொடுக்க முடிந்தது இவ்வளவுதான். இவற்றை முறையாகக் கொடுப்பதற்காக 1928இல் டாக்டர் சௌரி முத்து சென்னைக்கு அருகே தாம்பரத்தில் ஓர் ஆரோக்கிய நிலையம் தொடங்கினார். பிற்பாடு சர்க்கார் அதை ஏற்று நடத்தலாயிற்று. இன்றைக்கும் மின்சார ரயிலில் போகிறவர்கள் ‘தாம்பரம் சானடோரியம்’ என்ற ஸ்டேஷன் பெயரைப் படிக்கிறார்கள். பெயரைத் தந்த ஆஸ்பத்திரியும் அங்கே இருக்கிறது.

1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. 1952இல் ஐசோனியாசிட் என்னும் மலிவான மாத்திரை வைத்தியர்கள் கைக்கு வந்தது. மருந்து வந்ததும் ஒரு கேள்வியும் கூடவே வந்தது. லட்சக்கணக்கான நோயாளிகளுக்குச் சானடோரியம் கட்ட ஏழைத் தேசத்திடம் பணம் ஏது?

இதற்கு விடை காண, 1956இல் சென்னையில் ஒரு காசநோய் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையத்தின் ஆரம்பம் இதுதான். நெருக்கமான குடியிருப்புகளில் வசித்த சென்னை நகரத்து ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு சாரார் சானடோரியத்தில் போஷாக்கான உணவோடும் ஓய்வோடும் இருந்தார்கள். மற்றவர்கள் தத்தம் வீட்டிலேயே, இருந்ததைத் தின்றுகொண்டு, அதே மருந்தைச் சாப்பிட்டார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது சானடோரியத்தில் 100க்கு 92 பேரும், வீட்டில் 100க்கு 86 பேரும் கிருமி அடங்கித் தேறியிருந்தார்கள். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு அதனால் நோய் அதிகம் தொற்றவுமில்லை. 1959இல் இந்த முடிவு வெளியாயிற்று. உலகம் முழுவதும் காசநோய் வைத்தியத்தின் போக்கு அதனால் மாறியது. நாலு சுவருக்குள் அடைத்து வைக்காமலே நோயாளியைக் குணப்படுத்தலாம் என்று உலகுக்குக் காட்டியவர்கள் சென்னையின் ஏழை ஜனங்கள் என்பது நாம் நினைத்துப் பார்க்க வேண்டிய விஷயம்.

இன்றைய சிகிச்சை

அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சர்க்கார் ஆஸ்பத்திரிக்கோ போனால் கோழையைப் பரிசோதிப்பார்கள், எக்ஸ்ரே எடுப்பார்கள். கிருமி இருக்கிறதா என்பதையும், முக்கியமான மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதையும் சில மணி நேரத்திலேயே சொல்லும் நுட்பமான சோதனைகள் வந்திருக்கின்றன. சாதாரண வகை நோயானால் சிகிச்சை ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நாலு மருந்துகள், பிறகு நாலு மாதம் மூன்று மருந்துகள். எடைக்குத் தக்கபடி தினந்தோறும் மாத்திரை. சர்க்கார் ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கும் மருந்துக்கும் காசு கிடையாது. சிகிச்சைக் காலத்தில் ஆகாரச் செலவுக்கென்று மத்திய சர்க்கார் 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1000 ரூபாயாக உயர்ந்தது.

மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். வாந்தி ஓயாமல் வந்தாலும், கண் மஞ்சளித்தாலும், பார்வை மங்கினாலும் தாமதியாமல் டாக்டரிடம் போக வேண்டும்.

எல்லாருக்கும் வீடு போதும் என்று எண்ணிவிடவும் கூடாது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்ட’த்தில், நோய் தெரிந்தவுடனேயே ஐந்து விஷயங்களைக் கவனிக்கிறார்கள்: உயரத்துக்குத் தகுந்த எடை இருக்கிறதா, காலில் வீக்கம் உண்டா, மூச்சின் வேகம் எவ்வளவு, இரத்தத்தில் பிராணவாயு போதுமா, பிறர் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா. இவற்றில் தேறாதவர்களை ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கவனிக்கிறார்கள். இந்த நோயில் பெரும்பாலான மரணங்கள் சிகிச்சை தொடங்கிய சில வாரங்களிலேயே நேர்வதால், அந்த முதல் நாட்களின் ஜாக்கிரதை மிகவும் முக்கியம்.

பாதியில் கலையும் விரதம்

நோயைக் கண்டுபிடித்து மருந்தும் தொடங்கியாயிற்று என்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஆனால் ஆபத்து இருப்பதே அங்கேதான். இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும், காய்ச்சல் போய்விடும், கன்னத்தில் சதை பிடிக்கும். “இனிமேல் மாத்திரை எதற்கு?” என்று தோன்றும். துடிப்பான கிருமிகள் முதலில் மாண்டு போகின்றன. சோம்பிக் கிடக்கும் கிருமிகளோ பல மாதம் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மருந்தை நிறுத்தினால் அவை விழித்துக்கொள்ளும்; விட்டு விட்டுச் சாப்பிட்டால் மருந்துக்கே மசியாத ஜாதியாக வளரும். பிறகு வேறு மருந்துகளைத் தேட வேண்டும். அவற்றின் தொல்லையும் அதிகம். அந்த முரட்டுக் கிருமி அடுத்தவர் வீட்டுக்கும் போகும்.

மார்கழி முழுவதும் விடியற்காலையில் நீராடுகிறோம். ஒரு மண்டலம் மாலை போட்டுக்கொண்டு மலை ஏறுகிறோம். விரதத்துக்குப் பெயர் போன நம் வீடுகளில் இந்த ஆறு மாத விரதமும் நிறைவேறாதா? நோயாளி தனியே காக்க வேண்டிய விரதம் இது என்று விட்டுவிடக் கூடாது. வீட்டில் உள்ளவர்கள் தாங்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். நோய் வராமல் தடுக்கும் மருந்தும் அவர்களுக்கு உண்டு. நல்ல ஆகாரமும் ஒரு கவசந்தான். ஜார்க்கண்டில் நடந்த ஓர் ஆராய்ச்சியில், நோயாளியின் குடும்பத்தாருக்கு அரிசி, பருப்பு முதலியவற்றைக் கூடுதலாகக் கொடுத்து வந்ததால், அவர்களிடையே புதிதாக நோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது என்று 2023இல் தெரியவந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக, காலையில் காப்பியைக் கையில் கொடுக்கும் முன்பு, “மாத்திரை போட்டுக்கொண்டாயா, அம்மா?” என்று ஒருவர் கேட்க வேண்டும். தினமும் அப்படிக் கேட்க ஆளிருக்கும் வீட்டில் மருந்து தவறுவது அபூர்வம். சிகிச்சையை முழுமையாக முடித்துக் குணமடைந்த பெண், மற்றப் பெண்களைப் போலவே கல்யாணம் செய்துகொள்ளலாம், பிள்ளை பெறலாம். அந்த மருந்துச் சீட்டை யாரும் அடுப்பில் போட வேண்டியதில்லை.