ஏலமலைத் தேனீயின் மெய்காப்பு

தேவாரத்தில் நின்று மேற்கே நோக்குவார்க்கு மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு பெருமதில் போலத் தோன்றும். அம்மதிலின் முகட்டைக் கடந்தால் ஏலமலை தொடங்குகின்றது. தேவாரத்திலிருந்தும் போடிநாயக்கனூரிலிருந்தும் ஆடவரும் பெண்டிரும் விடியுமுன் ஜீப்புகளில் ஏறித் தோட்ட வேலைக்குச் செல்வதும், மாலையில் இறங்கி வருவதும் நாடோறும் காணும் காட்சி. அங்கு விளையும் காய் போடிநாயக்கனூருக்கு வந்து விலையாகின்றது. கூலியாள் முதல் வணிகர் வரை எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு அதனால் எரிகின்றது.

அக்காய் உண்டாவதற்கு மனிதன் கை மட்டும் போதாது. ஏலப்பூவின் சூல்முடி மகரந்தப் பைக்கு மேலே நீண்டிருத்தலின், மகரந்தம் தானே அதன்மேற் படிவதில்லை. பூவோ ஒரு நாளே வாழ்வது. அந்நாளில் அடுக்குத் தேனீயோ மலைத்தேனீயோ வந்து தீண்டாவிடின், பூ காயாகாமல் உதிர்ந்துவிடும். ஆகவே தேனீயின் உடல்நலம் ஏலமலையின் செல்வத்தோடு பிணைந்தது. அச்சிறு பூச்சிக்கு நோய் வந்தால் அதனைக் காப்பது யாது? இதனை ஈண்டு ஆராய்வோம்.

பூச்சிகளின் இரத்தம் நம்முடையதைப் போலக் குழாய்களுக்குள்ளேயே ஓடுவதன்று. உடலின் உட்குழி முழுவதும் நிரம்பி உறுப்புக்களை நனைத்துக்கொண்டிருப்பது. நம் உடல் ஒருமுறை வந்த கிருமியை நினைவில் வைத்து, அதற்கென்றே எதிர்ப்பொருள்களை ஆக்கும். அம்மைப்பால் பயன்படுவது அதனாலேயே. அத்தகைய எதிர்ப்பொருள் பூச்சிக்கு இல்லை. எனினும் அது காவலற்றதன்று. மூன்று அரண்கள் அதற்கு உள.

முதல் அரண் தோல். கைட்டின் என்னும் கடினப் பொருளாலாகி, மெழுகு பூசப்பெற்ற அத்தோலை ஊடுருவுதல் கிருமிகளுக்கு எளிதன்று. மூச்சுக் குழல்களின் உட்புறத்திலும் அத்தகைய மெல்லிய உறையொன்றுண்டு. குடலின் நடுப்பகுதியை வேறொரு சவ்வு காக்கின்றது.

தோல் கிழிந்து கிருமி உட்புகுமாயின், இரண்டாம் அரணாகிய இரத்த அணுக்கள் எதிர்ப்படும். அணுக்கள் பகையை விழுங்கும் இச்செயலை 1882-இல் மெச்னிகாஃப் என்னும் ருஷிய அறிஞர் உடுமீனின் இளம்பருவத்தில் கண்டறிந்தார். அவ்வாராய்ச்சியின் பயனாக 1908-இல் நோபெல் பரிசும் பெற்றார். பூச்சியின் உடலிலும் சிறு கிருமிகளை அணுக்கள் விழுங்குகின்றன. விழுங்க இயலாத பெரும்பகை புகுந்தால், பல அணுக்கள் கூடி அதனைச் சுற்றி உறையாகப் படிந்து மூச்சடைக்கச் செய்யும். அவ்வுறையின்மேல் மெலனின் என்னும் கருநிறப் பொருள் இறுகும். காயம்பட்ட கம்பளிப்புழுவின் உடலில் ஒரு கரும்புள்ளி தோன்றுவதை நம்மில் பலர் கண்டிருப்போம். அது வெறும் வடுவன்று. போர் நடந்த இடத்தின் அடையாளம்.

மூன்றாம் அரண் மருந்து. பூச்சியின் உடலில் கொழுப்புத் திரள் என்றோர் உறுப்பு உண்டு. நமக்கு ஈரல் எப்படியோ, பூச்சிக்கு அது அப்படி. கிருமி புகுந்த செய்தி எட்டியதும், சில மணி நேரத்தில் அது கிருமிகொல்லிப் புரதத்துண்டுகளை ஆக்கி இரத்தத்தில் விடும். சுவீடன் தேசத்துப் போமனும் அவர்தம் கூட்டத்தாரும் ஒரு பெரிய அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவிலிருந்து இத்தகைய பொருள்களைப் பிரித்து 1981-இல் வெளியிட்டனர். பூஞ்சை புகுந்த செய்தியைக் கொண்டு செல்வது 'டோல்' என்னும் மரபணுவின் வழி என்பதை, 1996-இல் பிரான்சு தேசத்து ஹாஃப்மன் குழுவினர் பழ ஈக்களில் நிறுவினர். அம்மரபணு பழுதுற்ற ஈக்கள் பூஞ்சைக்கு இரையாகி மடிந்தன. அதனோடொத்த வாயிற்காவலர் மனிதருடலிலும் உளர் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 2011-இல் நோபெல் பரிசு பெற்றோருள் ஹாஃப்மனும் ஒருவர். ஈயிடம் கற்ற பாடம் மருத்துவத்திற்கும் பயன்பட்டதன்றோ!

இனி நம் தேனீக்கு வருவோம். 2006-இல் ஐரோப்பியத் தேனீயின் மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பெற்றபோது, அறிஞர் ஒன்றைக் கண்டு வியந்தனர். நோய்த்தடுப்புக்கென அமைந்த மரபணுக் குடும்பங்களில், பழ ஈக்கும் கொசுவுக்கும் உள்ளவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே தேனீக்கு இருந்தன. ஆயிரக்கணக்கில் நெருங்கி வாழும் உயிருக்கு அரண் மிகுதியன்றோ வேண்டும்? குறைந்திருப்பது ஏன்? இதற்கு அறிஞர் பலர் கூறும் விடை, தேனீயின் அரணிற் பெரும்பகுதி அதன் உடலில் இல்லை, குடியில் இருக்கின்றது என்பதே.

அக்குடியின் வாழ்வை நோக்குக. நோயுற்ற புழுவை வேலைக்காரத் தேனீக்கள் மணத்தால் அறிந்து, அறையைத் திறந்து, வெளியே இழுத்தெறிகின்றன. இறந்தவற்றை அடையில் தங்கவிடுவதில்லை. புழுக்களுக்கு ஊட்டும் பாலில் கிருமிகொல்லிப் புரதம் ஒன்று கலந்துள்ளது. தேனில் அவை சேர்க்கும் நொதி ஒன்று, கிருமிகளைக் கொல்லும் ஹைட்ரஜன் பெராக்ஸைடை உண்டாக்குகின்றது. வேலைக்காரத் தேனீக்கள் உண்ட கிருமிகளின் துணுக்குகள் அவை சுரக்கும் பாலின் வழியாக இராணிக்குச் சேர, வைட்டலோஜெனின் என்னும் புரதம் அவற்றை இராணியின் முட்டைகளுக்கும் கொண்டு சேர்க்கின்றது. இவ்வழியை 2015-இல் அறிஞர் விளக்கினர். எதிர்ப்பொருள் இல்லையாயினும், தாய் தான் கண்ட பகையைச் சேய்க்கு முன்னறிவிக்க வழியுண்டு என்பது இதனாற் புலனாகும்.

எனினும், இக்குடியரணும் ஒருமுறை தகர்ந்தது. 1976-இல் தாய்லாந்தில் முதலிற் காணப்பட்ட தாய்லாந்துச் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய், 1991, 1992-ஆம் ஆண்டுகளில் தென்னிந்தியாவில் பரவி அடுக்குத் தேனீக் கூட்டங்களைச் சூறையாடிற்று. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அழிந்தன என்று கணக்கிட்டோர் உளர். நோயுற்ற புழு தன் கடைசித் தோலை உரிக்கமாட்டாது. தோலுக்கும் உடலுக்கும் இடையே நீர் கோத்து, சிறு பை போலாகி அடையிலேயே மடியும். மார்த்தாண்டம் முதலிய இடங்களில் தேன்பெட்டி வைத்துப் பிழைத்த குடும்பங்களின் பெட்டிகள் வெறுமையாயின. துப்புரவு செய்யும் தேனீயே நோயைத் தன் வாயிற் சுமந்து அடுத்த புழுவுக்கு ஊட்டிற்று. காவலே பகைக்கு வழியாயிற்று. ஆயினும் குலம் அடியோடு அழியவில்லை. தப்பிப் பிழைத்த கூட்டங்களிலிருந்து அடுக்குத் தேனீ மெல்ல மெல்லப் பெருகிற்று.

வந்த நோய் ஒன்று; நாம் கொண்டு செல்லும் கேடு வேறொன்று. ஏலச்செடியை இலைப்பேனும் தண்டுத் துளைப்பானும் தாக்குகின்றன. சொறிபிடித்த காய்க்கு விலை இல்லை. கடன்பட்ட விவசாயி மருந்தடிக்காமல் என் செய்வான்? அவனைக் குறை கூறுதல் எளிது, முறையன்று. ஆயினும் மருந்துக்கு நண்பனும் பகைவனும் ஒன்றே. 2013-இல் இத்தாலிய அறிஞர் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று, நியோனிகோட்டினாய்டு வகையைச் சேர்ந்த க்ளோத்தியானிடின் என்னும் மருந்து, தேனீயைக் கொல்லாத சிறு அளவிலும் அதன் நோய்த்தடுப்பாற்றலைத் தாழ்த்துவதையும், உடலில் அடங்கிக் கிடந்த வைரஸ் அதனாற் பெருகுவதையும் காட்டிற்று. ஆகவே செடியடியில் செத்து விழுந்த தேனீக்களை மட்டும் எண்ணி இழப்பை அளத்தல் கூடாது. பறந்து சென்ற தேனீ காவலிழந்து கூட்டை அடையுமாயின், அவ்விழப்பு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. குடியையே அரணாகக் கொண்ட உயிருக்கு அதனினும் பெரிய கேடு யாது?

செய்யத்தக்கவை சிலவுள. பூ நிறைந்த காலத்தில் இயன்றவரை மருந்தைத் தவிர்த்தல், தவிர்க்க இயலாவிடில் தேனீ நடமாடும் காலைப்பொழுதை விட்டு மாலையில் அடித்தல், பூச்சி கண்டபின் அன்றி நாட்குறித்து அடியாதிருத்தல், நிழல் மரங்களையும் பொந்துள்ள மரங்களையும் வெட்டாது விடுதல் என்பன அவை. இவற்றாற் செலவு மிகுவதில்லை. மருந்துச் செலவு குறைதலும் கூடும்.

இம்மலையடிவார ஊர்களிலிருந்து நம் கல்லூரிக்கு வரும் மாணவர் விடுமுறையில் வீடு திரும்புங்கால், ஏலப்பூவின்மேல் அமர்ந்த தேனீயைச் சற்று நின்று நோக்குவாராக. தனியாக வந்தது போலத் தோன்றும் அது தனியன்று. ஒரு குடியின் காவல் முழுவதும் அதன் பின்னே நிற்கின்றது. அக்காவலைக் குலையாது விடுதல் நம் கையில் உள்ளது.