போலீஸ் ஸ்டேஷனுக்குள் ஒளியும் திருடன்

எங்க பெரியப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறார். மூணு வாரமாக இருமல் நிற்கவில்லை. சளியைப் பரிசோதித்து டி.பி., அதாவது காசநோய் என்றார்கள். ஆறு மாதம் மாத்திரை. இரண்டு மாதத்தில் இருமல் நின்று, எடையும் கூடியது. "அதான் சரியாயிடுச்சே, இன்னும் நாலு மாசம் எதுக்கு?" என்று மாத்திரையை பீரோ மேல் வைத்துவிட்டார். எனக்கும் அந்தக் கேள்வி நியாயமாகத்தான் பட்டது. அறிவியல் மிஸ்ஸிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

நம் நுரையீரலில் காற்றுப்பைகள் இருக்கின்றன அல்லவா? அங்கே காவலுக்கு 'மேக்ரோபேஜ்' என்ற செல்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். தூசியோ கிருமியோ வந்தால் லபக்கென்று விழுங்கிவிடும். விழுங்கிய கிருமி ஒரு சின்னப் பைக்குள் இருக்கும். அந்தப் பையோடு லைசோசோம் வந்து சேரும். 'தற்கொலைப் பைகள்' என்று பாடத்தில் படித்தோமே, அதுதான். அதிலுள்ள அமிலமும் நொதிகளும் கிருமியைக் கரைத்துவிடும். சாதாரணக் கிருமி என்றால் கதை முடிந்தது.

டி.பி. கிருமி இங்கேதான் வேலையைக் காட்டுகிறது. அது விழுங்கப்படுவதற்குப் பயப்படுவதே இல்லை. உள்ளே போய், சில புரதங்களை வெளியே விட்டு, லைசோசோம் வந்து சேராமல் தடுத்துவிடுகிறது. மேலே மெழுகு மாதிரி கெட்டியான உறை வேறு. திருடன் போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே ரூம் போட்டுத் தங்கின மாதிரி! பிறகு மற்ற செல்கள் ஓடிவந்து சுற்றிலும் வேலி கட்டுகின்றன. அதற்குள் கிருமி சாகாமல் பல வருஷம் தூங்கும். சர்க்கரை நோய் வந்தாலோ, சத்துக் குறைந்தாலோ எழுந்துகொள்ளும்.

நம் குடலில் உள்ள சில பாக்டீரியா 20 நிமிடத்தில் இரண்டாகும். இதற்கு ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். பல மருந்துகள் பெருகும் கிருமியைத்தான் நன்றாகக் கொல்லும். தூங்குவது தப்பித்துவிடும். அது எழும் வரை மாத்திரை காத்திருக்க வேண்டும். அதனால்தான் ஆறு மாதம். நடுவில் விட்டால், மிஞ்சிய கிருமி மருந்துக்கே அடங்காததாக மாறலாம்.

நம் தோளில் இருக்கும் தழும்பு பி.சி.ஜி. ஊசி போட்டது. 1968-ல் நம்ம திருவள்ளூர் பக்கத்துக் கிராமங்களில்தான் அதைப் பெரிய அளவில் சோதித்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் டி.பி.யை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது. ஆனால் சின்னக் குழந்தைகளின் மூளையைத் தாக்கும் டி.பி.யிலிருந்து காக்கிறது.

இன்னொன்று. பெரியம்மா பெரியப்பாவுக்குத் தனி டம்ளர் வைத்திருந்தார். பக்கத்து வீட்டில் என் தம்பியை விளையாடச் சேர்க்கவில்லை. டி.பி. டம்ளரில் பரவாது, இருமும்போது காற்றில்தான் பரவும். சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், பாதிப்பேரை ஆஸ்பத்திரியிலும் பாதிப்பேரை வீட்டிலும் வைத்து வைத்தியம் பார்த்தது. இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி குணமானார்கள். வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்கு அதிகமாகப் பரவவும் இல்லை. 1959-ல் வந்த இந்த முடிவைப் பார்த்துத்தான் உலகமே வீட்டு வைத்தியத்துக்கு மாறியது.

போலீஸ் ஸ்டேஷன் கதையைப் பெரியப்பாவிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். ஒன்பது நாள் மாத்திரை விட்டிருந்தார். சனிக்கிழமை பெரியம்மா கூட்டிப்போனார், திரும்பவும் சளி பரிசோதித்துத் தொடரச் சொன்னார்கள். இப்போது தினமும் காலண்டரில் டிக் அடிப்பது என் வேலை. தனி டம்ளரை நானே எடுத்து மற்றதோடு கலந்து வைத்துவிட்டேன். எது என்று இப்போது யாருக்கும் தெரியாது.

— 9-ஆம் வகுப்பு மாணவி