நான்கு நாள் கார், நான்கு நாள் கடல்

சென்னையில் இறங்கி, கடலோரமாகவே காரில் தரங்கம்பாடி வரை போகலாம் என்று நான் சொன்னதுதான் தாமதம். ஒரே இரவில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பதினொரு கோயில்கள், மூன்று துணிக்கடைகள், இரண்டு பெரியம்மா வீடுகள் பட்டியலில் ஏறிவிட்டன. கையில் இருப்பதோ ஒன்பது நாள். வரப்போகிறவர்களில் ஒருவர் தாத்தா. வயது 76, இரண்டு முழங்கால்களிலும் வலி.

தாத்தா பிறந்தது பொறையாருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். 12 வயதில் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறி சிங்கப்பூர் வந்தவர். “வர்றேன். ஆனா என்னை ஓட வைக்காதீங்க” என்பதுதான் அவர் சொன்ன ஒரே நிபந்தனை. ஆகவே, நிதானமாகப் போனால் மட்டுமே அவர் வர முடியும். திட்டமிடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

முதலில் தேதி. ஆண்டிறுதி விடுமுறை நீளமானது என்பதால் எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள். ஆனால் அந்தக் கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். 2018 நவம்பர் 16ல் ‘கஜா’ புயல் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. 2011 டிசம்பர் 30ல் ‘தானே’ புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தைப் புரட்டிப் போட்டது. ஜூன் மாதம் என்றால் வெயில் தாத்தாவை அறையைவிட்டு வெளியே வரவிடாது. உயர்நிலை மூன்றில் படிக்கும் தங்கைக்கு மார்ச்சில் ஒரு வாரம் விடுமுறை. பலதுறைத் தொழிற்கல்லூரியில் எனக்கும் அப்போது விடுமுறைதான். முன்னும் பின்னும் சனி, ஞாயிறைச் சேர்த்தால் ஒன்பது நாள்.

அடுத்தது கார். நானே ஓட்டலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். இந்தியாவிலும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். இங்கேயே பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்துகள் முந்துவதைக் காணொளியில் பார்த்தபிறகு அந்த ஆசை போய்விட்டது. ஓட்டுநரோடு வரும் வாடகைக் கார்தான்.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. வெளியூர்ப் பயணத்துக்குப் பல நிறுவனங்கள் ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் என்று வைத்துத்தான் கட்டணம் போடுகின்றன. அதற்குமேல் ஓட்டுநர் பேட்டா, சுங்கச் சாவடிக் கட்டணம். வண்டி கடற்கரையில் சும்மா நின்றாலும் 250 கிலோமீட்டருக்குப் பணம் கொடுக்க வேண்டும். மெதுவாகப் போகிறவர்களுக்கு இது வெட்டிச் செலவு. அதனால் எட்டு நாளுக்கும் ஒரே காரை எடுக்காமல், ஊர் மாறும் நான்கு நாள்களுக்கு மட்டும் தனித்தனியாகக் கார் பேசுகிறோம். மற்ற நாள்களுக்கு ஆட்டோ போதும். நீங்களும் கார் பேசும்போது திரும்பிப் போகும் கட்டணம் சேருமா, புதுச்சேரிக்குள் நுழையத் தனி பெர்மிட் வேண்டுமா, இரவு ஓட்டினால் கூடுதலா என்று மூன்றையும் முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வந்த வழியே திரும்பாமல் இருப்பதும் ஒரு மிச்சம். சென்னையில் இறங்குகிறோம், திருச்சியில் விமானம் ஏறுகிறோம். தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்குத் திரும்பினால் 280 கிலோமீட்டருக்கு மேல். திருச்சி ஏறத்தாழ 160தான்.

முதல் இரண்டு இரவு மாமல்லபுரம். விமான நிலையத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். கடற்கரைக் கோயிலை வெயில் ஏறுமுன் பார்த்துவிட வேண்டும். அடுத்த இரண்டு இரவு புதுச்சேரி. பாரதியார் 1908 முதல் பத்தாண்டு வாழ்ந்த ஊர்; அவர் இருந்த வீடு இப்போது அருங்காட்சியகம். மாலையானால் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை என்பதால் தாத்தா பயமில்லாமல் நடக்கலாம்.

புதுச்சேரியிலிருந்து தரங்கம்பாடி ஏறத்தாழ 120 கிலோமீட்டர். வழியில் சிதம்பரம். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், ஆகவே காலை 7 மணிக்கே கிளம்ப வேண்டும். அம்மாவின் பதினொரு கோயில்களில் தப்பியவை இரண்டு: இது ஒன்று, தரங்கம்பாடியிலிருந்து ஆட்டோவில் போகக்கூடிய திருக்கடையூர் இன்னொன்று. நியாயமாக இருக்கட்டும் என்று நான் ஆசைப்பட்ட பிச்சாவரம் படகுச் சவாரியையும் அடித்துவிட்டேன்.

தரங்கம்பாடியில் மூன்று இரவு. சின்ன ஊர். தஞ்சை நாயக்க மன்னர் ரகுநாதரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் 1620ல் கட்டத் தொடங்கிய டேன்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. 1706ல் வந்திறங்கிய சீகன்பால்கு இங்கே அச்சுக்கூடம் அமைத்துத் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். தமிழ்ப் பாடத்தில் அச்சுக்கலை பற்றிக் கட்டுரை எழுதியவர்களுக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும். 1845ல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். கரையோர மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. 2004 ஆழிப்பேரலையும் இந்த ஊரைத் தாக்கியது. செந்தோசாவில் இறங்குவதுபோல இங்கே தண்ணீரில் இறங்கக்கூடாது என்று தங்கையிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். இது உட்கார்ந்து பார்க்கும் கடல். விடுதியில் நான் கேட்டதெல்லாம் தரைத்தள அறை, நாற்காலிபோல் உட்காரும் கழிப்பறை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி.

நாகப்பட்டினம் அங்கிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர். போகலாமா என்று தாத்தாவிடம் கேட்டேன். “கப்பல் கரைக்கு வராது. தூரத்துல நிக்கும். படகுல போய்த்தான் ஏறணும். எங்கம்மா கரையிலயே நின்னுட்டாங்க” என்றார். போகலாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அட்டவணையில் வெள்ளிக்கிழமைக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். நேற்று அம்மா அதில் வைத்தீஸ்வரன்கோயில் என்று எழுதியிருந்தார். அழித்துவிட்டேன்.