பொருத்தமும் பழுதும்: விளையாட்டுக் கணினியைத் தாமே அமைப்போர்க்கு



சென்ற ஆண்டிறுதி விடுமுறையில், என்னிடம் முன்பு பயின்ற மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பகுதிநேர வேலை செய்து சேர்த்த பணத்தில் விளையாட்டுக் கணினிக்குரிய பாகங்களை வாங்கி, இரவெல்லாம் கண்விழித்துத் தாமே பூட்டியிருந்தார். விசையை அழுத்தினால் விசிறிகள் சுழல்கின்றன, விளக்குகள் எரிகின்றன, திரையில் மட்டும் ஒன்றும் தோன்றவில்லை. வரைகலை அட்டைதான் பழுது என முடிவுகட்டி, மறுநாள் அதனைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போவதாகக் கூறினார். பாகங்களுள் விலை மிகுந்தது அதுவாதலால் ஐயமும் முதலில் அதன்மீதே விழுந்தது. "தம்பி, கொடுப்பதற்கு முன் நான் ஒருமுறை பார்க்கிறேன்" என்றேன்.

அவர் வீட்டில் கண்டதைப் பின்னர்க் கூறுகிறேன். பாகங்களைத் தெரிவு செய்வது எப்படி என்பதை முதலில் அறிந்தால்தான் பழுதைத் தேடும் வழியும் விளங்கும்.

சொற்களைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. தாய்ப்பலகை, செயலி, நினைவகம், மின்வழங்கி என்பன நம் வகுப்பறைகளில் புழங்கும் சொற்கள். சிம் லிம் ஸ்குவேர் கடைகளில் நின்று தாய்ப்பலகை வேண்டும் என்றால் எவருக்கும் விளங்காது. அங்கே மதர்போர்டு என்றுதான் கேட்க வேண்டும். கருத்தைத் தமிழில் தெளிவாகப் பிடித்துக்கொண்டவர்க்கு இவ்விரு பெயர்களும் இடர் தருவதில்லை என்பது என் பட்டறிவு.

திருமணத்திற்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் நம் குடும்பங்களுக்குக் கணினிப் பாகங்களைத் தெரிவு செய்யும் முறையைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. தனித்தனியே சிறந்த ஏழு பொருள்களை வாங்கினால் சிறந்த கணினி அமைந்துவிடும் என்று எண்ணுவோர் பலர். ஒவ்வொன்றும் மற்றொன்றோடு இணையும் இடத்தைப் பார்த்து வாங்குவதே முறையாகும்.

அதனைத் திரையிலிருந்து தொடங்குதல் நலம். 1920க்கு 1080 அளவுள்ள திரையில் ஏறத்தாழ 20 இலட்சம் படப்புள்ளிகள் உள்ளன. 3840க்கு 2160 அளவுள்ள திரையில் அவை நான்கு மடங்கு. விநாடிக்கு 60 படங்கள் போதுமெனில் ஒரு படத்தை வரைய வரைகலை அட்டைக்கு 16.7 மில்லிவிநாடி கிடைக்கிறது. 144 படங்கள் வேண்டுமெனில் 6.9 மில்லிவிநாடிதான். எந்த விளையாட்டை, எந்தத் திரையில், எத்தனை படவேகத்தில் ஆட விரும்புகிறோம் என்பதைத் துணிந்த பிறகே வரைகலை அட்டையை நாட வேண்டும். அதற்கு ஈடுகொடுக்கும் செயலியைத் தேடுவது அதற்கடுத்த படி. நம் மாணவர் செயலியை முதலிலும் திரையைக் கடைசியிலும் வாங்கியிருந்தார். நல்வேளையாக அவை பொருந்தின.

செயலிக்கும் தாய்ப்பலகைக்கும் இடையிலுள்ள பொருத்தம் கண்டிப்பானது. ரைசன் 7000 வரிசைச் செயலி ஏஎம்5 குழியில் மட்டுமே அமரும். அக்குழியுடைய பலகைகள் டிடிஆர்5 நினைவகத்தை மட்டுமே ஏற்கும். இன்டெல்லின் எல்ஜிஏ1700 குழியுடைய பலகைகளுள் சில டிடிஆர்4 வகையையும் சில டிடிஆர்5 வகையையும் ஏற்பன. இரு வகை அட்டைகளிலும் 288 தொடுமுனைகளே உள்ளன. எனினும் கீழ்விளிம்பிலுள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் ஒன்று மற்றொன்றின் குழியில் நுழையாது. நுழையாததை அழுத்தி நுழைப்போரும் உளர்! குழி ஒன்றாயிருந்தும் கணினி தொடங்காத நிலையும் உண்டு. 2022இல் வந்த பலகை கடையில் நெடுநாள் கிடந்திருந்தால், 2024இல் வெளிவந்த ரைசன் 9000 செயலியை அதன் பயாஸ் அறியாது. பயாஸைப் புதுப்பித்த பின்னரே அது தொடங்கும்.

மின்வழங்கியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பணத்தை மிச்சப்படுத்த மாணவர்கள் முதலில் கைவைப்பது இதில்தான். வரைகலை அட்டை தான் அமரும் குழியிலிருந்து 75 வாட் வரையிலும், 8 ஊசி இணைப்பு ஒவ்வொன்றிலிருந்தும் 150 வாட் வரையிலும் பெறலாம். 220 வாட் அட்டையும் நடுத்தரச் செயலியும் ஏனைய பாகங்களும் சேர்ந்தால் 400 வாட்டை ஒட்டி வரும். ஆயினும் அட்டை நொடிப்பொழுதில் தன் அளவைக் கடந்து மின்சாரத்தை இழுப்பதுண்டு; ஆதலின் 650 வாட் வழங்கியே தக்கது. கழற்றி மாட்டும் வடங்களையுடைய வழங்கியாயின், அதனோடு வந்த வடங்களையே பயன்படுத்த வேண்டும். வேறொரு நிறுவனத்தின் வடம் துளையில் சரியாக நுழையக்கூடும். ஆனால் வழங்கியின் பக்கத்தில் ஊசிகளின் வரிசைக்குப் பொதுவான விதி இல்லை. 5 வோல்ட் செல்ல வேண்டிய இடத்தில் 12 வோல்ட் சென்றால் சேமிப்பு வட்டு கருகிப்போகும்.

நம் நாட்டவர் மறக்கக்கூடாத பொருத்தம் இன்னொன்று உண்டு. வழக்கமான குளிர்விப்பான் எதுவும் செயலியை அறையின் வெப்பத்திற்குக் கீழே கொண்டுசெல்லாது. 20 பாகை செல்சியஸ் அறையில் அளந்து எழுதிய மதிப்புரையில் செயலி 75 பாகை காட்டினால், குளிரூட்டியில்லாத நம் வீட்டின் 31 பாகையில் அது 86ஐ எட்டும் என்று கொள்ளலாம். முன்பக்கம் கண்ணாடியால் மூடிய பெட்டி அழகாக இருக்கும். காற்றுப் புகும் வலைமுகப்புள்ள பெட்டியே இவ்வூருக்கு ஏற்றது.

இனி, மாணவர் வீட்டுக்கு வருவோம்.

முதலில் வரைகலை அட்டையைக் கழற்றச் சொன்னேன். அவருடைய செயலிக்குள்ளேயே எளிய வரைகலைச் சுற்று இருந்தமையால், திரையின் வடத்தைத் தாய்ப்பலகையிலேயே செருகிப் பார்க்க முடிந்தது. அப்போதும் திரை இருண்டே கிடந்தது. அட்டை இல்லாதபோதும் குறை நீடித்தமையால், பழியை அட்டையின்மேல் சுமத்த இயலாதாயிற்று. எஃப் என்னும் எழுத்தில் முடியும் பெயருடைய செயலியாக இருந்தால் இச்சோதனைக்கே வழியில்லை. அவ்வகைச் செயலிகளில் வரைகலைச் சுற்று செயற்படுவதில்லை.

தாய்ப்பலகையின் ஓரத்தில் நான்கு சிறு விளக்குகள் இருந்தன. செயலி, நினைவகம், வரைகலை, தொடக்க வட்டு ஆகிய நான்கையும் பலகை வரிசையாகச் சோதிக்கும். எதில் நிற்கிறதோ அதன் விளக்கு அணையாமல் எரியும். எரிந்தது நினைவகத்தின் விளக்கு. அவர் இரண்டு நினைவக அட்டைகளையும் முதலாம், மூன்றாம் குழிகளில் செருகியிருந்தார். இரண்டு அட்டைகளுக்கு உரியவை செயலியிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும் என்று பலகையின் கையேட்டில் படத்தோடு இருந்தது. கையேடு பெட்டிக்குள் பிரிக்கப்படாமல் கிடந்தது.

ஒரே ஓர் அட்டையை இரண்டாம் குழியில் வைத்து விசையை அழுத்தினோம். அரை நிமிடத்தில் அவர் கை மீண்டும் விசையை நோக்கிச் சென்றது. "ஐயா, வரவில்லையே" என்றார். கையைத் தடுத்தேன். டிடிஆர்5 நினைவகத்தை முதன்முறை காணும் ஏஎம்5 பலகை, அதன் சைகைகளோடு தன் நேரக்கணக்கைப் பொருத்திக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். அதுவரை திரை இருண்டிருப்பது இயல்பு. இடையில் அணைத்தால் அப்பணி மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். முந்தைய இரவெல்லாம் அவர் அதைத்தான் செய்திருக்கிறார். நான்காம் நிமிடத்தில் திரையில் எழுத்துகள் தோன்றின.

குழியை மாற்றியதால் சரியாயிற்றா, காத்திருந்ததால் சரியாயிற்றா என்று அவர் வினவினார். விடை கூற இயலவில்லை. ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்று அவருக்கு உரைத்த நானே இரண்டை ஒருங்கே மாற்றிவிட்டேன்.

மற்றவை எளியனவாக இருந்தன. 6000 வேகத்திற்கென வாங்கிய நினைவகம் 4800இல் ஓடிக்கொண்டிருந்தது. பயாஸில் எக்ஸ்போ அமைப்பை இயக்கியதும் சரியாயிற்று. 144 ஹெர்ட்ஸ் திரையை விண்டோஸ் 60இலேயே வைத்திருந்தது. விளையாட்டு தொடங்கிய சில நிமிடங்களில் படம் தயங்கித் தயங்கி நகர, வெப்பத்தைப் பார்த்தால் செயலி தன் எல்லையாகிய 95 பாகையில் நின்றது. குளிர்விப்பானைக் கழற்றினோம். அடித்தட்டின்மேல் ஒட்டியிருந்த மெல்லிய காப்புத்தாளை அவர் உரிக்கவே இல்லை. வாங்கிய ஏழு பொருள்களில் ஒன்றுகூடப் பழுதானதில்லை. குறைகள் யாவும் ஒரு பொருள் மற்றொன்றைத் தொடும் இடத்திலேயே இருந்தன.

எப்போதும் அப்படித்தான் என்று சொல்லிவிடலாகாது. என் சொந்தக் கணினி ஒருமுறை காரணமின்றி நீலத்திரை காட்டி நின்றபோது, இணைப்புகளையே மாற்றி மாற்றிச் செருகி இரண்டு மாலைப் பொழுதுகளை வீணாக்கினேன். பிறகு மெம்டெஸ்ட்86 என்னும் சோதனை மென்பொருளை இரவு முழுவதும் ஓடவிட்டேன். பிழைகள் வரிசையாக வந்தன. அட்டைகளைத் தனித்தனியே சோதித்தேன். ஒன்று எந்தக் குழியில் இருந்தாலும் பிழை காட்டியது. மற்றொன்று எந்தக் குழியிலும் காட்டவில்லை. பிழை குழியில் தங்காமல் அட்டையோடு சென்றமையால் அட்டைதான் கெட்டது என்று துணிய முடிந்தது. அச்சோதனையின் முடிவைப் படமெடுத்துக் காட்டியபோது கடையில் மறுபேச்சின்றி மாற்றிக் கொடுத்தார்கள்.

அண்மையில் அம்மாணவர் மீண்டும் அழைத்தார். ஒழிந்து கிடக்கும் இரண்டு குழிகளிலும் நினைவக அட்டைகளைச் செருகி நான்காக்கலாமா என்று கேட்டார். அவருடைய செயலிக்கு இரண்டு அட்டைகளாயின் 5200 வேகமும் நான்காயின் 3600 வேகமுமே உற்பத்தியாளர் உறுதியளிப்பவை. அதற்கு மேற்பட்ட வேகம் நம் பொறுப்பு. இதைச் சொல்லத் தொடங்குமுன் அவரே, "கையேட்டில் பார்த்துவிட்டேன் ஐயா, வாங்கவில்லை" என்றார்.