ஒரே ஆறு, இரண்டு மணல்

மீன் தொட்டியில் மீன் செத்து மிதந்தால் முதலில் சந்தேகிக்கப்படுவது தண்ணீர். அடுத்தது தீவனம். பிறகு மீனை விற்ற கடைக்காரர். தொட்டியின் அடியில் வெள்ளை வெளேரென்று கிடக்கும் கற்களை யாரும் விசாரிப்பதில்லை. பல வீடுகளில் குற்றவாளி அங்கேதான் படுத்திருக்கிறது.

கல்லுக்கும் கல்லுக்கும் என்ன வித்தியாசம் என்பதை நாராயணவனத்தில் ஓடும் ஆறு அழகாகச் சொல்லிவிடும். 2022 வரை சித்தூர் மாவட்டத்திலும் இப்போது திருப்பதி மாவட்டத்திலும் இருக்கும் இந்தச் சிற்றூரை, பத்மாவதிக்கும் வேங்கடேசருக்கும் திருமணம் நடந்த தலமென்று பக்தர்கள் அறிவார்கள். கல்யாணத்துக்கு மாவரைத்ததாகச் சொல்லப்படும் பெரிய திருகைக்கல்லைக் கோயிலில் இன்றும் காட்டுகிறார்கள். ஊரை ஒட்டிய அருணா நதியில் மழைக்காலம் தவிர்த்துத் தண்ணீரைவிட மணல்தான் அதிகம். சுற்றிலும் நிற்பவை நகரி மலைகள். இவற்றின் பாறைக்குப் புவியியலாளர்கள் வைத்திருக்கும் பெயரே நகரி குவார்ட்சைட். படிக மணல் இறுகி உருவான கெட்டியான பாறை அது. அதுவும் அக்கம்பக்கத்துக் கருங்கல்லும் உடைந்து, உருண்டு, தேய்ந்ததுதான் ஆற்று மணல். எத்தனை வருடம் தண்ணீரில் கிடந்தாலும் அது எதையும் கரைத்துக் கொடுக்காது.

இதே ஆறு பிச்சாட்டூர் அணை, சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை வழியாக ஆரணி ஆறு என்ற பெயரில் தமிழகத்துக்குள் வந்து பழவேற்காட்டில் முடிகிறது. அங்கே கையில் மணலை அள்ளினால் சிப்பியும் கிளிஞ்சலும் சேர்ந்து வரும். பழவேற்காடு ஏரியின் கிளிஞ்சலைத் தோண்டியெடுத்துச் சுண்ணாம்பு சுடுவது அங்கே ஒரு தொழிலாகவே நடந்தது. சுண்ணாம்புக்கு உதவுகிற பொருள் தண்ணீரில் சும்மா கிடக்குமா? மெல்ல மெல்லக் கரைந்து தண்ணீரைக் கடினமாக்கும். அதன் காரத்தன்மையையும் ஏற்றும்.

ஏறினால் என்ன என்று கேட்கலாம். இங்கேதான் உயிர் போகிற விஷயம் இருக்கிறது. மீன் தன் செவுள் வழியாக ஓயாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. தண்ணீரின் பி.எச். அளவு 7ஐ ஒட்டி இருந்தால் அதில் பெரும்பகுதி அதிகக் கெடுதல் செய்யாத அம்மோனிய வடிவில் இருக்கும். அளவு 8க்கு ஏறினால், அதே கழிவில் நச்சு அம்மோனியாவின் பங்கு ஏறத்தாழ 10 மடங்காகிறது. மீன்களின் எண்ணிக்கை அதேதான், தீவனமும் அதேதான், ஆனால் தொட்டி நஞ்சாகிவிடுகிறது. காரணமே இல்லாமல் செத்தது என்று சொல்லப்படும் மீன்களில் எத்தனையோ இப்படிப் போனவை.

கடைகளில் அழகுக்காக விற்கும் வெள்ளைக் கற்களில் பல பளிங்குத் துண்டுகள். பளிங்கும் சுண்ணாம்பின் உறவுக்காரன்தான். ஏற்கெனவே கடினமான போர்வெல் தண்ணீரில் அது அவ்வளவாகக் கரைவதில்லை. ஆனால் ஆர்.ஓ. தண்ணீரோ மழைத் தண்ணீரோ ஊற்றினால் வேகமாகக் கரையும். நல்ல தண்ணீர் கொடுக்கிறோம் என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

கல்லைச் சோதிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. காய்ந்த கல்லின் மேல் நாலு சொட்டு வினிகரோ எலுமிச்சைச் சாறோ விட்டால் போதும். பொங்கி நுரைத்தால் சுண்ணாம்பு என்று அர்த்தம். நுரைக்காவிட்டாலும் முழுதாக நம்பிவிடக் கூடாது. சில கற்கள் மெதுவாகத்தான் வினைபுரியும். ஒரு பிடி கல்லை ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு வாரம் ஊறவைத்து, முன்னும் பின்னும் பி.எச். பார்ப்பது இன்னும் உறுதியான வழி. ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரி மீன்களை வளர்ப்பவர்களுக்கு மட்டும் இந்தச் சட்டம் தலைகீழ். அந்த ஏரியே காரமானது என்பதால் அம்மீன்களுக்குப் பவளத்தூள் மணல் நல்லது. நியான் டெட்ரா, டிஸ்கஸ் போன்ற அமேசான் வாசிகளுக்கு அது ஆகாது.

வேதியியல் தேறினாலும் வடிவம் தேற வேண்டும். வீடு கட்டும் இடத்தில் கிடக்கும் எம்-சாண்ட் கருங்கல்லை உடைத்துச் செய்தது, கரையாது. ஆனால் அதன் முனைகள் கூர்மையானவை. அயிரை மீனைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது மணலுக்குள் புகுந்து வாழும் பிராணி. அத்தகைய மீன்களின் மீசையையும் வயிற்றையும் கூர்மணல் அறுத்துவிடும். போதாததற்கு அந்த மணலில் சிமெண்ட் கலந்திருக்கும் அபாயமும் உண்டு. தங்கமீனுக்கு வேறு கவலை: கல்லை வாயில் போட்டுத் துப்புவது அதன் பழக்கம். பட்டாணி அளவுக் கல் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். அதற்கு ஒன்று மணல், அல்லது விழுங்கவே முடியாத கூழாங்கல். நீலமும் ரோஜாவும் பூசிய கற்களை வாளித் தண்ணீரில் இரண்டு நாள் போட்டுப் பார்த்தால் சில சாயம் விடும். சாயம் விட்டதைக் குழந்தையின் விளையாட்டுக்குக்கூடக் கொடுக்க வேண்டாம்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம் உள்ள தொட்டியில் இரண்டு அங்குல உயரத்துக்கு மணல் நிரப்ப சுமார் 14 கிலோ வேண்டும். அதற்காக ஆற்றில் இறங்கி அள்ள வேண்டியதில்லை. ஆற்று மணலுக்கு இரு மாநிலங்களிலும் கட்டுப்பாடுகள் உண்டு. சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் கழுவிச் சலித்த படிக மணல் கிலோ கணக்கில் கிடைக்கிறது. சோப்பு போடாமல், தண்ணீர் தெளியும் வரை அலச வேண்டும். பொடி மணலை அதிக உயரத்துக்குக் கொட்டினால் அடியில் காற்றோட்டமின்றி அழுகல் தொடங்கி, அழுகிய முட்டை வாடை அடிக்கும் நச்சுவாயு தங்கிவிடும்.

கடைசியாக ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம். வாரந்தோறும் மணல் முழுவதையும் குழாயடியில் கொட்டிப் பளபளவென்று கழுவுவது. அம்மோனியாவை உண்டு தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிரிகள் குடியிருப்பது அந்த மணலில்தான். குளோரின் தண்ணீர் அவற்றைக் கொன்றுவிடும். புதுத் தொட்டியில் அவை பெருகுவதற்கே ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம். அந்த அவகாசத்தைக் குறைக்க, நோயில்லாத பழைய தொட்டியிலிருந்து ஒரு பிடி மணலை ஈரம் காயாமல் கொண்டுவந்து தூவுகிறார்கள், பாலில் உறைமோர் ஊற்றுவதைப் போல.