வலிக்கும் உடல் – 6: கூண்டில் பெண் எலி இல்லை

‘எல்லா டெஸ்ட்டும் நார்மல்மா. மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க.’ உடம்பெல்லாம் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியாவோடு வாழும் பெண்கள் வருடக்கணக்கில் கேட்டுச் சலித்த பேச்சு இது. சொல்கிற டாக்டரை மட்டும் கோபித்துப் பயனில்லை. அவர் படித்த பாடத்திலேயே பெண்ணின் வலி சரியாக இடம்பெறவில்லை. இடம்பெறாமல் போனதில் அரசு விதிக்கும் பங்கு உண்டு.

1977-ல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. கருத்தரிக்கக்கூடிய வயதுப் பெண்களைப் புதிய மருந்துகளின் ஆரம்பகட்டப் பரிசோதனைகளில் சேர்க்கக் கூடாது என்றது அது. தாலிடமைடு மாத்திரையால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறைபாட்டோடு பிறந்த கொடுமை அப்போது யாருக்கும் மறந்திருக்கவில்லை. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் கருத்தடை செய்துகொள்பவர்கள், தனியாக வாழ்பவர்கள், கணவர் வாசெக்டமி செய்துகொண்டவர்கள் என எல்லோரையுமே விலக்கியதை எப்படி நியாயப்படுத்துவது? கர்ப்பத்தைக் காக்க வந்த விதி, பெண்ணையே ஆய்வுக்கு வெளியே நிறுத்திவிட்டது.

1993-ல் அந்த வழிகாட்டுதல் விலக்கிக்கொள்ளப்பட்டது. அரசு நிதியில் நடக்கும் மனித ஆய்வுகளில் பெண்களைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று அதே ஆண்டு சட்டமும் வந்தது. ஆனால் மருந்து மனிதர்களிடம் வருவதற்கு முன்பே விலங்குகளிடம் முடிவாகிவிடும் விஷயங்கள் நிறைய. அங்கே சட்டம் எட்டவில்லை.

வலி ஆய்வுக்கான முன்னணி இதழ் ‘பெயின்’. அதில் பத்தாண்டுகளில் வந்த விலங்கு ஆய்வுகளை, கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர் ஜெஃப்ரி மோகில் சக ஆய்வாளரோடு சேர்ந்து 2005-ல் எண்ணிப் பார்த்தார். குறைந்தது 79 சதவீத ஆய்வுகளில் இருந்தவை ஆண் விலங்குகள் மட்டுமே. பெண் எலிக்கு ஹார்மோன் சுழற்சி உண்டு, அதனால் முடிவுகள் தாறுமாறாக வரும் என்பதுதான் வழக்கமான சமாதானம். 2014-ல் சுமார் 300 ஆய்வுகளைத் திரட்டி அலசியபோது, பெண் சுண்டெலிகளின் முடிவுகள் ஆண்களுடையதைவிட அதிகம் மாறுபடவில்லை என்று தெரிந்தது. அந்தச் சமாதானமும் போயிற்று.

2015-ல் மோகிலும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட முடிவுதான் என்னை உலுக்கியது. நரம்பு காயப்பட்டால் முதுகுத் தண்டுவடத்தில் உள்ள மைக்ரோக்லியா என்ற செல்கள்தான் வலியை நீடிக்க வைக்கின்றன என்று பல ஆண்டுகளாக நம்பப்பட்டது. அந்தச் செல்களை முடக்கினார்கள். ஆண் சுண்டெலிகளுக்கு வலி குறைந்தது. பெண் சுண்டெலிகளுக்குக் குறையவே இல்லை. அவற்றின் உடலில் வலி வேறு பாதையில், பெரும்பாலும் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்களின் வழியாக, நீடிக்கிறது என்று தெரியவந்தது. நாள்பட்ட வலியால் அதிகம் அவதிப்படுவது பெண்கள். மருந்தைத் தேடியதோ ஆணின் பாதையில்.

விலங்கு ஆய்வுகளிலும் ஆண், பெண் வேறுபாட்டைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் நிபந்தனை விதித்தது 2016-ல்தான். இன்று மருந்துக் கடையில் கிடைக்கும் பல வலி மாத்திரைகள் அதற்கு முந்தைய காலத்து ஆய்வில் பிறந்தவை.

டாக்டர்களே, பரிசோதனையில் எதுவும் பிடிபடாவிட்டால், ‘காரணம் இன்னும் தெரியவில்லை’ என்று சீட்டில் எழுதுங்கள். வலி மனதில்தான் இருக்கிறது என்று சொல்லி வலியோடு வந்தவரைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

(தொடரும்)