‘ஆர்கானிக்’ வெள்ளை ஒயின்: அந்த ஒரு வார்த்தைக்கு நீங்கள் எதற்காகக் காசு கொடுக்கிறீர்கள்?

‘க்ரிஸ்ப்’ வெள்ளை ஒயின். குடும்பமே நடத்தும் திராட்சைத் தோட்டம். ஆர்கானிக். பெங்களூரிலோ புனேயிலோ மதுக்கடை அலமாரியில் ஒரு பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால், இந்த மூன்றும் ஒரே லேபிளில் இருக்கலாம். பக்கத்தில் இருக்கும் சாதாரண பாட்டிலைவிட விலையும் கூடுதலாக இருக்கும்.

இந்த மூன்றில் ஒன்றுக்கு மட்டும்தான் சட்டத்தில் வரையறை இருக்கிறது. அது ‘ஆர்கானிக்’. ஆனால் பலரும் நினைக்கும் அர்த்தம் வேறு, சட்டம் சொல்லும் அர்த்தம் வேறு.

ஆர்கானிக் என்றால் கெமிக்கலே இல்லையா?

இல்லை. முதலில் அது திராட்சை எப்படி விளைந்தது என்பதைப் பற்றிய வார்த்தை. செயற்கைப் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, ரசாயன உரம் இல்லாமல் வளர்த்திருக்க வேண்டும். திராட்சை பல ஆண்டுப் பயிர் என்பதால் தோட்டம் மூன்று ஆண்டுகள் இந்த விதிகளின்படி நடந்த பிறகே, அதன் பழத்துக்குச் சான்றிதழ் கிடைக்கும். இந்தியாவின் தேசிய இயற்கை உற்பத்தித் திட்டத்திலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் இதே கணக்குதான். அந்த மூன்று வருடமும் விவசாயிக்குச் செலவு ஆர்கானிக், விற்பனை விலை சாதாரணம். பாட்டில் விலையில் ஒரு பங்கு இந்த இடைவெளிக்கானது.

பழம் ஆலைக்குள் போன பிறகு என்ன நடக்கிறது என்பது தனிக் கதை. ஐரோப்பாவில் 2012 வரை ‘ஆர்கானிக் ஒயின்’ என்று லேபிளில் போடவே முடியாது. ‘ஆர்கானிக் திராட்சையில் செய்த ஒயின்’ என்றுதான் போட வேண்டும். தயாரிப்பு முறைக்கும் விதிகள் வந்தது அந்த ஆண்டு ஆகஸ்டில்தான். அப்போது எழுந்த பெரிய கேள்வி: சல்ஃபைட் சேர்க்கலாமா, கூடாதா?

சல்ஃபைட் கணக்கு

சல்ஃபைட் என்பது கந்தகத்திலிருந்து வரும் ஒரு பதப்படுத்தும் பொருள். நறுக்கிய ஆப்பிள் காற்றுபட்டுப் பழுப்பாவதுபோல வெள்ளை ஒயினும் நிறமும் மணமும் மாறிவிடும். அதைத் தடுக்க இது வேண்டும். சிவப்பு ஒயினுக்குத் தோலிலிருந்து இறங்கும் டானின் ஓரளவு பாதுகாப்பு தருகிறது. தோலை முதலிலேயே நீக்கிவிடுவதால் வெள்ளைக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் சட்டமே வெள்ளைக்குக் கூடுதல் சல்ஃபைட்டை அனுமதிக்கிறது.

இனிப்பில்லாத வெள்ளை ஒயினுக்கு ஐரோப்பிய வரம்பு லிட்டருக்கு 200 மில்லிகிராம். ஆர்கானிக் என்றால் 150. பூஜ்ஜியம் அல்ல. ஈஸ்ட் நொதிக்கும்போது தானாகவே கொஞ்சம் சல்ஃபைட்டை உண்டாக்கும் என்பதால், எதுவும் சேர்க்காத ஒயினில்கூட பூஜ்ஜியம் அபூர்வம்.

இதை ஒரு கிளாஸுக்கு, அதாவது 150 மில்லிக்குக் கணக்குப் போடுவோம். சாதாரண ஒயினில் அதிகபட்சம் 30 மில்லிகிராம். ஆர்கானிக்கில் 22.5. வித்தியாசம் 7.5 மில்லிகிராம். உணவுச் சேர்க்கைப் பொருள்களை மதிப்பிடும் ஐ.நா. கூட்டு நிபுணர் குழு நிர்ணயித்த தினசரி ஏற்பு அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.7 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 42. ஆக, ஒரு கிளாஸில் இரண்டுமே வரம்புக்குள். இரண்டாவது கிளாஸில், அதிகபட்ச அளவு இருந்தால், இரண்டுமே வரம்பைத் தாண்டும்.

அதே கிளாஸில் ஆல்கஹால் எவ்வளவு? 12.5 சதவீத ஒயின் என்றால் சுமார் 14.8 கிராம். மில்லிகிராமில் சொன்னால் 14,800. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மதுபானத்தை 1988-லேயே முதல் பிரிவில், அதாவது மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என 2023 ஜனவரியில் உலக சுகாதார அமைப்பும் சொன்னது. ‘ஹெல்த்தியா இருக்கும்’ என்று நினைத்துத்தான் ஆர்கானிக் எடுக்கிறீர்கள் என்றால், நீங்கள் தவிர்ப்பது 7.5 மில்லிகிராமை, குடிப்பது 14,800-ஐ.

ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு சல்ஃபைட் உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாது. அவர்களுக்கு 150 என்பதும் ஆறுதல் இல்லை. ‘ஒயின் குடித்தால் தலைவலி, சல்ஃபைட்தான் காரணம்’ என்று சொல்லும் மற்றவர்கள் ஒன்றை யோசித்துப் பார்க்கலாம். உலர்ந்த ஆப்ரிகாட், உலர்திராட்சை போன்றவற்றில் கிலோவுக்கு 2,000 மில்லிகிராம் வரை ஐரோப்பா அனுமதிக்கிறது. அவற்றைச் சாப்பிட்டுத் தலைவலி வந்திருக்கிறதா?

அமெரிக்கா இதில் கறார். அங்கே ‘ஆர்கானிக் ஒயின்’ என்றால் சல்ஃபைட் சேர்க்கவே கூடாது. 1980-ல் கலிபோர்னியாவின் மெண்டோசினோவில் தொடங்கிய ஃப்ரே குடும்பத்தின் ஆலை இந்த முறையில் ஒயின் செய்யும் பழைய உதாரணம். 100 மில்லிகிராம் வரை இருந்தால் ‘ஆர்கானிக் திராட்சையில் செய்தது’ என்று மட்டும் போடலாம். ஐரோப்பாவில் 140 மில்லிகிராமோடு ஆர்கானிக் ஒயினாக இருக்கும் பாட்டில், அமெரிக்காவில் இந்த இரண்டு பெயருக்கும் தகுதி இழக்கும். உள்ளே இருப்பது அதே ஒயின்தான். ஆகவே சான்றிதழ் எந்த நாட்டு விதிப்படி என்பதை முதலில் பாருங்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒரு தகவல். கலங்கலாக இருக்கும் ஒயினைத் தெளியவைக்க முட்டை வெள்ளை, பால் புரதம், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் ஆகியவற்றை ஐரோப்பிய ஆர்கானிக் விதிகள் அனுமதிக்கின்றன. ஆர்கானிக் வேறு, வீகன் வேறு.

‘க்ரிஸ்ப்’ எங்கிருந்து வருகிறது?

புளிப்பிலிருந்து. திராட்சையில் டார்டாரிக், மாலிக் என இரண்டு முக்கிய அமிலங்கள் உண்டு. வெயில் ஏற ஏற மாலிக் அமிலம் குறைந்து சர்க்கரை கூடும். அதனால் பச்சை மாங்காய்போல நாக்கில் சுள்ளென்று பிடிக்கும் ஒயின் வேண்டுமென்றால், பழத்தைச் சற்று முன்னதாக, வெயில் ஏறுவதற்குள் பறித்து, எஃகுத் தொட்டியில் குளிர்ச்சியாக நொதிக்க வைப்பார்கள். சாவிஞான் பிளாங் ரகம் இதற்குப் பேர்போனது.

சூடான ஊர்களில் இன்னொரு வழியும் உண்டு: டார்டாரிக் அமிலத்தை வெளியிலிருந்து சேர்ப்பது. ஆர்கானிக் விதிகளிலும் இதற்குத் தடை இல்லை. நீங்கள் ரசிக்கும் அந்தப் புளிப்பு தோட்டத்திலிருந்தும் வரலாம், மூட்டையிலிருந்தும் வரலாம். தவறு ஒன்றும் இல்லை, லேபிள் சொல்லாது, அவ்வளவுதான்.

நாசிக்கில் ஏன் கஷ்டம்?

இந்தியாவின் ஒயின் தலைநகரம் மகாராஷ்டிராவின் நாசிக். ராஜீவ் சாமந்த் அங்கே சாவிஞான் பிளாங் கொடிகளை நட்டது 1997-ல். அவருடைய ‘சுலா’ ஒயின் 2000-ல் விற்பனைக்கு வந்தது. ஆனால் ஆர்கானிக் ஒயின் இங்கே இன்னும் அரிது. காரணம், மழை.

ஐரோப்பாவில் குளிர்காலத்தில் கொடி இலை உதிர்த்துத் தூங்கும். பூச்சியும் பூஞ்சையும் ஓரளவு அடங்கும். நம் தட்பவெப்பத்தில் கொடி தூங்காது. கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை ஆண்டு முழுக்கக் கிடைப்பதற்கும் இதுதான் அடிப்படை. நாசிக்கில் ஏப்ரலில் ஒருமுறை, மழை முடியும் செப்டம்பர், அக்டோபரில் மறுமுறை என்று இரண்டு தடவை கவாத்து செய்து, ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை செய்கிறார்கள். இரண்டாவது கவாத்துக்குப் பிறகு துளிர் வரும் நேரத்தில் மழை பெய்துவிட்டால் அடிச்சாம்பல் நோய் மளமளவென்று பரவும். சாதாரண விவசாயி செயற்கைப் பூஞ்சைக்கொல்லி அடிப்பார். ஆர்கானிக் விவசாயிக்கு இருப்பது பெரும்பாலும் கந்தகமும், மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையும்தான்.

போர்டோ கலவையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மயில்துத்தத்தில் உள்ள தாமிரம் மக்காது. மண்ணிலேயே சேர்ந்துகொண்டே போகும், மண்புழுவைப் பாதிக்கும். ஐரோப்பா இதற்கு வைத்திருக்கும் வரம்பு ஏழு ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோ, அதாவது ஏக்கருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 1.6 கிலோ. மழை அதிகமான ஆண்டில் அங்கேயே விவசாயிகள் இதற்குள் சமாளிக்கத் திணறுகிறார்கள்.

‘குடும்பத் தோட்டம்’ என்றால்?

சட்டப்படி ஒன்றும் இல்லை. பத்து ஏக்கர் வைத்திருப்பவரும் குடும்பம்தான், பல நூறு ஏக்கர் வைத்திருப்பவரும் குடும்பம்தான். நாசிக்கில் ஒயின் ஆலைகள் பக்கத்து விவசாயிகளிடம் ஒப்பந்த முறையில் பழம் வாங்குவது சகஜம். பழம் யாருடையது என்று தெரிய வேண்டுமென்றால் ‘எஸ்டேட் பாட்டில்ட்’ என்ற சொல்லைத் தேடலாம். அமெரிக்க பாட்டிலில் அதற்குச் சட்ட அர்த்தம் உண்டு: ஒயின் முழுவதும் அந்த ஆலையின் சொந்த அல்லது கட்டுப்பாட்டில் உள்ள நிலத்துப் பழம்.

இந்தியாவில் ஆர்கானிக் உணவுக்கான முத்திரை ‘ஜைவிக் பாரத்’. 2017 விதிமுறைகளோடு வந்தது. முத்திரை எதுவும் இல்லாமல் ‘நேச்சுரல்’ என்று மட்டும் இருந்தால் அது விளம்பர வார்த்தை.

இறக்குமதி பாட்டிலின் விலையைப் பார்த்து ‘ஆர்கானிக்னா இவ்வளவா?’ என்று தோன்றினால், அதில் பெரும்பகுதி வரி. ஒயினுக்கு இந்தியா நெடுங்காலமாக விதித்துவந்த சுங்க வரி 150 சதவீதம். ஆஸ்திரேலியாவுடனான ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29-ல் அமலானபோது, 5 டாலருக்கு மேற்பட்ட பாட்டில்களுக்கு 100 சதவீதமாகவும் 15 டாலருக்கு மேற்பட்டவற்றுக்கு 75 சதவீதமாகவும் குறைந்தது. பத்து ஆண்டுகளில் இவை முறையே 50, 25 சதவீதத்துக்கு இறங்கும். மது ஜிஎஸ்டிக்குள் வராததால், சுங்கத்துக்கு மேல் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் கலால் வரி வேறு. ஒரே பாட்டிலுக்கு பெங்களூரில் ஒரு விலை, மும்பையில் ஒரு விலை இருப்பது இதனால்தான்.